தானாக ஓடுவது

செம்பூரில் ஒரு பழைய ஹவுசிங் சொசைட்டியின் தரைத்தளத்தில் எங்கள் ஆபீஸ் இருக்கிறது. ஆபீஸ் என்பது ஒரு வீட்டின் முன்னறை. உள்ளறைகளில் சாரும் மாமியும் குடியிருக்கிறார்கள். பாலக்காட்டுக்காரர்கள், மாட்டுங்காவில் வளர்ந்து, கல்யாணத்துக்குப் பிறகு செம்பூருக்கு வந்தவர்கள். சார் ஒரு கம்பெனியின் கணக்குப் பிரிவிலிருந்து ரிட்டயர் ஆனவர். வீட்டில் சும்மா இருந்தால் மாமி காய் நறுக்கச் சொல்கிறாள் என்று இந்த ஆபீஸைத் திறந்தார். வருமான வரி, பிஎஃப், பாஸ்போர்ட், காலேஜ் அப்ளிகேஷன் என்று ஆன்லைனில் எதை நிரப்ப வேண்டுமானாலும் ஆட்கள் எங்களிடம் வருவார்கள். நிரப்புவது நான்.

நான் மாட்டுங்கா லேபர் கேம்பிலிருந்து வருகிறேன். பன்னிரண்டாவதோடு படிப்பு முடிந்தது. பேச்சும் ஏறக்குறைய அங்கேயே முடிந்தது. சயானில் பஸ் ஏறினால், என் ஸ்டாப் வரும்போது முன்னால் நிற்பவரிடம் வழி கேட்கக் கூச்சமாக இருக்கும். அவர் இறங்கும் ஸ்டாப்வரை போய், அவர் பின்னாலேயே இறங்கித் திரும்பி நடப்பேன். அதற்காகவே வீட்டிலிருந்து கொஞ்சம் முன்னதாகக் கிளம்புவேன்.

ஆபீஸின் பாஸ்வேர்டுகள் என் பொறுப்புக்கு வந்ததும் இதனால்தான்.

அதற்கு முன் கஸ்டமர்களின் பாஸ்வேர்டுகள் எல்லாம் போனில் ஒரு குரூப்பில் இருந்தன. சார், நான், முன்பு எங்களிடம் வேலை பார்த்த ஒருவர், இவ்வளவு பேர்தான் அந்தக் குரூப். அந்த ஒருவர் வேலையை விட்டு, பக்கத்துத் தெருவில் எங்களைப் போலவே ஓர் ஆபீஸ் திறந்துவிட்டார். ஆனாலும் குரூப்பில் இருந்தார். நீக்கினால் மனசு கஷ்டப்படுவார் என்று சார் நீக்கவில்லை. தானாக விலகினால் மரியாதையாக இருக்காது என்று அவரும் விலகவில்லை. தினமும் காலையில் ரோஜாப்பூப் படத்தோடு குட் மார்னிங் அனுப்புவார். யாருடைய பாஸ்வேர்டாவது வேண்டுமென்றால் நான் ரோஜாக்களைத் தள்ளிக்கொண்டே மேலே போய்த் தேட வேண்டும்.

வெளிநாட்டில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கும் சாரின் மருமான் லீவில் வந்தபோது இதைப் பார்த்தார். "மாமா, இதையெல்லாம் யார் யார் பார்க்கலாம்?" என்று கேட்டார்.

"குரூப்புல இருக்கறவா எல்லாரும் பார்க்கலாம்" என்றார் சார். "அதுக்குத்தானே குரூப்பு."

மருமான் ஊர் திரும்புவதற்குள் ஒரு பழைய சிபியுவைச் செருப்பு ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் வைத்து, அதில் பாஸ்வேர்டு மேனேஜர் ஒன்றை ஏற்றிக் கொடுத்தார். எல்லாப் பாஸ்வேர்டுகளும் உள்ளே பூட்டியிருக்கும். திறக்க ஒரே ஒரு மாஸ்டர் பாஸ்வேர்டு. வேறு கம்பெனி எதனிடமும் கொடுத்து வைக்காமல், நம் பெட்டியில் நாமே நடத்துவது. சாருக்கு அது பிடித்திருந்தது. "நம்ம சாமான் நம்மாத்துலதான் இருக்கணும்" என்றார். மாஸ்டர் பாஸ்வேர்டு யாரிடம் இருப்பது என்ற பேச்சு வந்ததும் என்னைக் காட்டினார்.

"இவகிட்ட இருக்கட்டும். இவ பேசினாத்தானே வெளியில போகும்."

அதைப் போனில் போட வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார். போன் என்பது ட்ரெயினில் பறிபோகிற சாமான் என்பது அவர் அபிப்பிராயம். அதனால் ஆபீஸில் என் மேஜையிலிருக்கும் கம்ப்யூட்டரில் மட்டும்தான் அதைத் திறப்பேன். நான் வராத நாளுக்கென்று மாஸ்டர் பாஸ்வேர்டை ஒரு கவரில் எழுதி ஒட்டி, சாரின் பீரோவில் வைத்தோம்.

மருமான் ஏற்றிக் கொடுத்ததற்குப் பெயர் கன்டெய்னர். எனக்குத் தெரிந்த கன்டெய்னர், துறைமுகத்துக்குப் போகும் லாரிகளில் இருப்பது. அதேதான் என்றார் அவர். ஒரு புரோகிராமும் அதற்கு வேண்டிய தட்டுமுட்டுச் சாமான்களும் ஒரே பெட்டிக்குள் இருக்கும். எந்த மெஷினில் இறக்கினாலும் பிரிக்காமல் ஓடும். எனக்குப் புரிந்தது. சரியாகத்தான் புரிந்ததா என்று கேட்கக் கூச்சமாக இருந்ததால், புரிந்தவரையில் வைத்துக்கொண்டேன்.

சார் ஆபீஸை மூடும்போது ஸ்விட்ச் போர்டுகளை எல்லாம் அணைத்துவிடுவார். காலையில் போட்டதும், கரண்ட் வந்ததைப் பார்த்து அந்த சிபியு பெட்டி தானாக எழுந்துகொள்ளும். மருமான் அப்படி வைத்திருந்தார். ஆனால் கன்டெய்னர் எழாது. நான் வந்து, என் கம்ப்யூட்டர் வழியாகப் பெட்டிக்குள் நுழைந்து, ஒரு கட்டளையை டைப் செய்து அதை ஓட விட வேண்டும். சொசைட்டி வாட்ச்மேன் தண்ணீர் மோட்டார் போடுவது போல. வாட்ச்மேன் ஊருக்குப் போனால் மாடிக்குப் பக்கெட் தூக்க வேண்டும்.

மழைக்காலத்தில் எனக்குக் காய்ச்சல் வந்தது. சார் போனில் கூப்பிட்டு, "நீ வர வேண்டாம். அந்தக் கட்டளையை மட்டும் சொல்லு, நான் அடிச்சுக்கறேன்" என்றார். நான் சொன்னதும் அவர் அடித்ததும் ஒன்றாக இல்லை. அன்று ஆபீஸில் ஒரு வேலையும் நடக்கவில்லை. மறுபடி வேலைக்குப் போனபோது, "நீ லீவுன்னா ஆபீஸுக்கும் லீவாக்கும்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதனால் அதிக நேரம் மனசில் இருந்தது.

மருமானுக்கு மெசேஜ் அனுப்பினேன். எழுதுவதில் எனக்குக் கூச்சம் கிடையாது. கன்டெய்னரை சிஸ்டம் சர்வீஸ் ஆக்கிவிட்டால் மெஷினே அதைப் பார்த்துக்கொள்ளும், யாரும் நுழைந்து ஓட்ட வேண்டியதில்லை, பெட்டியையும் ராத்திரி அணைக்க வேண்டாம் என்று பதில் வந்தது. கூடவே ஒரு சின்ன ஃபைல். இதுதான் கன்டெய்னர், இப்படி ஓட்டு, விழுந்தால் கொஞ்சம் பொறுத்து மறுபடி ஓட்டு என்று மெஷினுக்கு வரிவரியாகச் சொல்வது. அப்போது எனக்குப் பாதிதான் புரிந்தது. புரியாத பாதியையும் அதே மாதிரி அடித்தேன்.

அதற்குப் பிறகு இரண்டு கட்டளைகள். ஒன்று, இப்போது ஓட்டு. மற்றொன்று, இனி ஒவ்வொரு முறை எழும்போதும் நீயாகவே ஓட்டு. முதலாவதைக் கொடுத்தேன். ஓடியது. அந்த நேரம் பார்த்து மாமி காப்பி கொண்டுவந்தாள். காப்பி கொடுத்தால் டம்ளரைத் திருப்பி வாங்கும்வரை பக்கத்திலேயே நிற்பாள். ஒருவர் நின்று பார்க்கும்போது எனக்கு டைப் வராது. காப்பியைக் குடித்தேன். பிறகு சாரிடம் போய், "இனிமே யாரும் தொட வேண்டாம் சார். கரண்ட் இருந்தா தானா ஓடும்" என்றேன். நான் இவ்வளவு நீளமாகப் பேசி சார் கேட்டதில்லை. அதனால் அதை ஞாபகம் வைத்துக்கொண்டார்.

அன்றிலிருந்து பெட்டியை யாரும் அணைக்கவில்லை. நவராத்திரி வரை ஓடியது.

நவமி அன்று பம்பாய் வழக்கம்போல் வேலைக்குப் போகும். எங்கள் ஆபீஸில் மட்டும் ஆயுத பூஜை. கம்ப்யூட்டர்களைத் துடைத்து அணைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, தாதரிலிருந்து வந்த சாமந்தி மாலையைப் போட்டு, மாமி கற்பூரம் காட்டுவாள். பிறகு போர்டு ஸ்விட்சுகளை ஒவ்வொன்றாக அணைப்பாள். மறுநாள் விஜயதசமிக் காலையில் மறுபடி பூஜை ஆகும்வரை எதையும் தொடக் கூடாது. ஒவ்வொரு வருஷமும் இப்படித்தான், ஒரு தொந்தரவும் வந்ததில்லை. அந்த வருஷங்களில் பாஸ்வேர்டுகள் ரோஜாக்களுக்கு நடுவே போனில் இருந்தன. போன் எல்லோர் கையிலும் இருப்பதால் மாமி அதை ஆயுதத்தில் சேர்ப்பதில்லை.

இந்த முறை பாஸ்வேர்டுகள் பெட்டிக்குள் இருந்தன. அது மூன்று பேருக்கும் தோன்றவில்லை. பெட்டியை அணைத்துத் துடைத்து மாமியிடம் காட்டியதே நான்தான்.

வைஃபை ரவுட்டருக்கும் மாமி பொட்டு வைத்தாள். ஆனால் அணைக்கவில்லை.

"அது மட்டும் என்ன?" என்றார் சார்.

"அது தானா ஓடறது. நாம என்ன தொடறோமா?" என்றாள் மாமி. சாயங்காலம் அவள் கேட்கும் உபன்யாசம் அதன் வழியாகத்தான் வரும். சார் மேற்கொண்டு கேட்கவில்லை.

மதியம், சுண்டலைத் தட்டில் போட்டுக்கொண்டிருந்தபோது, எங்கள் கேம்பில் இட்லி வியாபாரம் செய்யும் ஓர் அம்மா தன் பெண்ணோடு வந்தாள். பெண்ணின் நர்சிங் அப்ளிகேஷனை நான்தான் நிரப்பி வைத்திருந்தேன். ஒரு சர்டிபிகேட் மட்டும் சர்க்கார் ஆபீஸிலிருந்து வர வேண்டியிருந்தது. அதை ஏற்றிவிட்டுக் கடைசி பட்டனை அழுத்த வேண்டும்.

"யக்கா, சர்டிபிகேட் கெடச்சிட்டு" என்றாள் அம்மா. மூச்சு வாங்கியது. "இன்னைக்கு ஆறு மணியோட மூடுதானாம். இத மட்டும் ஏத்தி விட்டுருங்க."

நான் கம்ப்யூட்டரைப் பார்த்தேன். அவளும் பார்த்தாள்.

"பூசை போட்டாச்சா?"

"ஆமா."

"எப்ப எடுப்பிய?"

"நாளைக்குக் காலையில."

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். பெண்தான் தைரியமாக இருந்தது. "மம்மி, டென்ஷன் நை லேனே கா. போன்லயே அப்லோட் பண்ணிருவேன். ஆண்ட்டி, பாஸ்வேர்டு மட்டும் சொல்லுங்க, போதும்."

முன்பென்றால் சொல்லியிருப்பேன். எல்லாக் கஸ்டமர்களுக்கும் பெயரும் ஒன்று இரண்டு மூன்றும்தான் பாஸ்வேர்டு. இப்போது பெட்டியே உருவாக்கித் தருகிறது. எழுத்தும் எண்ணும் குறியும் கலந்து, முழுப் பஸ் டிக்கெட் நீளத்துக்கு இருக்கும். மனிதர்கள் நினைவில் வைத்துக்கொள்ள முடியாது, அதுதான் அதன் சிறப்பு என்று மருமான் சொல்லியிருந்தார்.

"அது அந்தப் பெட்டியில இருக்கு" என்று மாலை போட்டிருந்த சிபியுவைக் காட்டினேன்.

பெண் போனை எடுத்து, பாஸ்வேர்டு மறந்துவிட்டது என்ற இடத்தை அமுக்கியது. புதிய பாஸ்வேர்டுக்கான லிங்க் இமெயிலுக்குப் போயிருப்பதாக வந்தது. அந்த இமெயிலும் அப்ளிகேஷனுக்காக நான் உருவாக்கிக் கொடுத்தது. அதன் பாஸ்வேர்டும் பெட்டியில் இருந்தது. புதிதாகப் பதிவு செய்து பார்த்தது. இந்த ஆதார் எண்ணில் ஏற்கெனவே ஒருவர் இருக்கிறார் என்று வந்தது.

"மத்லப், என்னோட சாவி, அந்தச் சாவியோட சாவி, ரெண்டும் உள்ளே. பெட்டி பூ வெச்சிட்டுத் தூங்குது" என்றது.

"ஏட்டி, சாமி காரியத்துல கேலி பேசாத" என்றாள் அம்மா. பிறகு குரலைத் தாழ்த்தி என்னிடம், "போன வருசமே இவ மார்க்குக்கு எடம் கெடச்சிருக்கும்க்கா. இந்தச் சர்டிபிகேட் வராமத்தான் போச்சு. இந்த வருசமும் விட்டுட்டம்னா இவ அப்பா விட மாட்டாவ. இட்லிச் சட்டியோட கெடன்னுருவாவ" என்றாள்.

"நான் கெடப்பேனா?" என்றது பெண்.

"வேற எங்கட்டி போவ?"

சார் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றார். ஏதாவது யோசித்தால் கண்ணாடியைக் கழற்றுவார். கழற்றினார். பிறகு மாமியைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார்.

"புஷ்பத்தை எடுத்துக் கீழ வெச்சுட்டு டைப் அடிக்கப் போறேளா? நன்னாயிருக்கு" என்றாள் மாமி.

"கொழந்தை படிக்கப் போறதுக்குத்தானே கேக்கறா. சரஸ்வதி வேண்டாம்னு சொல்லுவாளா?"

"அவ சொல்ல மாட்டா. நான் சொல்லுவேன்."

சார் வரி அதிகாரிகளிடம் பல வருஷம் வாதாடியவர். நேரே நின்று எதிர்ப்பதில்லை. ரவுட்டரைப் பார்த்தார். அது பொட்டோடு பச்சையாக மினுக்கிக்கொண்டிருந்தது.

"அதுக்கும் பூஜை ஆயாச்சு. ஓடறதே."

"அதான் சொன்னேனே. அது தானா ஓடறது."

சார் என் பக்கம் திரும்பினார். "ஏம்மா, நீ அன்னிக்கு ஒண்ணு சொன்னாயே. இது இப்போ சர்வீஸு, யாரும் தொட வேண்டாம், கரண்ட் இருந்தா தானா ஓடும்னு. சொன்னாயோ இல்லையோ?"

"சொன்னேன் சார்."

"அப்போ இதுவும் அந்த வகைதானே?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அப்போதுதான் மாமி கொடுத்த காப்பி ஞாபகத்துக்கு வந்தது. முதல் கட்டளையைக் கொடுத்தது நன்றாக நினைவிருந்தது. டம்ளர் சூடும் நினைவிருந்தது. காப்பிக்குப் பிறகு உட்கார்ந்து இரண்டாவதைக் கொடுத்தேனா, நேரே சாரிடம் எழுந்து போனேனா என்பது நினைவில்லை. பெட்டி அணைந்து எழுந்ததே இல்லை என்பதால் அதுவரை தெரிந்துகொள்ளவும் வாய்ப்பில்லை. கொடுக்காமல் விட்டிருந்தால் பெட்டி எழுந்து சும்மா நிற்கும். அதற்குள் நுழைய என் கம்ப்யூட்டர் வேண்டும். அதன் கீபோர்டு மேல் ஒரு முழு வாழைப்பழச் சீப்பு இருந்தது.

இதையெல்லாம் நாலு பேர் முன்னால் விளக்குவதைவிட ஆமாம் என்பது சுருக்கம்.

"ஆமா சார்" என்றேன்.

மாமி கொஞ்சம் யோசித்தாள். "தானா எழுந்து தானா ஓடினா அது அவ இஷ்டம். ஒருத்தரும் கை வைக்கப்படாது. மாலை நழுவப்படாது."

"ஸ்விட்சை யாராவது போட்டாகணுமே" என்றார் சார்.

"நான் சரஸ்வதி படத்துக்கு சீரியல் பல்பு போடப் போறேன். சாயங்காலம் போடறதை இப்பவே போடறேன். அந்த போர்டுல வேற என்ன சொருகியிருக்குன்னு எனக்கெப்படித் தெரியும்?"

போட்டாள். சரஸ்வதியைச் சுற்றிச் சிவப்பும் பச்சையும் ஓடின. செருப்பு ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் பெட்டி ஒரு முறை இருமி, உறுமத் தொடங்கியது. அதன் ஃபேன் காற்றில் மாலையின் கீழ்ப் பூக்கள் ஆடின.

"நழுவலை" என்றார் சார்.

பெண் போனை வைஃபையில் சேர்த்தது. அந்தப் பாஸ்வேர்டு மாமிக்கு மனப்பாடம். பெட்டியின் முகவரியை நான் சொல்லச் சொல்ல டைப் செய்தது. பக்கம் வரவில்லை.

"நை ஆ ரஹா ஆண்ட்டி."

"இன்னொரு தடவ பாரு."

வரவில்லை. அம்மா சர்டிபிகேட்டின் பிளாஸ்டிக் கவரை மடித்து மடித்து நிமிர்த்தினாள். சார் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, பார்க்காதது போல் கண்ணாடியைத் துடைத்தார். மாமி கடிகாரத்தைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். நான் ஆடும் சாமந்தியைப் பார்த்தேன். காப்பிக்கு முன் கொடுத்திருக்கலாம், குடித்த பிறகும் கொடுத்திருக்கலாம், இரண்டும் இல்லாமலும் இருந்திருக்கலாம்.

"தானா ஓடும்னாயே" என்றார் சார், மெதுவாக.

"கொஞ்சம் பொறுங்க சார்" என்றேன். எதற்குப் பொறுக்க வேண்டும் என்று எனக்கே தெரியாது.

"யக்கா, சாமி குத்தமாயிட்டோ?" என்றாள் அம்மா.

"சும்மா இரு மம்மி" என்ற பெண், மறுபடி அமுக்கிவிட்டு, "ஆ கயா" என்றது.

வந்ததைக் காட்டியது. இந்தத் தளம் பாதுகாப்பானது அல்ல, திரும்பிப் போய்விடுங்கள் என்று போன் சிவப்பு எழுத்தில் எச்சரித்தது. நாம் நம் வீட்டில் நாமே வைத்துக்கொண்டால் போன்கள் அப்படித்தான் சொல்லும் என்று மருமான் சொல்லியிருந்தார். பாதுகாப்புக்காக வைத்தது அது ஒன்றுதான் எங்களிடம். பரவாயில்லை என்று போடச் சொன்னேன். அதற்குப் பிறகு பூட்டைத் திறக்கும் பக்கம் வந்தது.

போனை வாங்கி, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று மாஸ்டர் பாஸ்வேர்டை அடித்தேன். பின்னால் ஆள் நிற்கும்போது டைப் வராது என்று சொன்னேன் அல்லவா. இரண்டு முறை தவறாகப் போனது.

"ஆண்ட்டி, கித்னா லம்பா ஹை. மகாபாரதமா?" என்றது பெண்.

"ஏட்டி, அவிய பக்கம் பாக்காத" என்று அம்மா அதன் தலையைப் பிடித்துத் திருப்பினாள். சாரும் மாமியும்கூட மரியாதைக்கு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். நாலு பேரும் முதுகு காட்டி நின்ற பிறகு சரியாக விழுந்தது.

பெண்ணின் பாஸ்வேர்டை எடுத்து ஒட்டினேன். சைட் திறந்தது. மற்றதைப் பெண்ணே செய்தது. சர்டிபிகேட்டை வாசல் வெளிச்சத்தில் வைத்துப் படம் எடுத்து ஏற்றி, கடைசி பட்டனை அழுத்தும் முன் போனை மாமியின் முன் நீட்டியது.

"தொடலாமா மாமி?"

"அது போன். தொடு" என்றாள் மாமி.

ஆறு மணி ஆக இன்னும் நேரம் இருந்தது. அப்ளிகேஷன் பெறப்பட்டது என்று பச்சையில் வந்ததும், அம்மா அதைப் படிக்கத் தெரியாமல் பெண்ணின் முகத்தைப் படித்தாள். பிறகு மாலை போட்டிருந்த பெட்டியைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அவள் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவள். சுண்டல் வாங்கிக்கொண்டு கிளம்பினார்கள்.

மறுநாள் காலையில் மறுபூஜை ஆனதும், மாமி மாலைகளை எடுக்கும்போது பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்தாள். "சுட்டுண்டு இருக்கே" என்றாள். சீரியல் பல்பு ராத்திரி முழுக்க எரிந்திருந்தது. சார் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

கீபோர்டு மேலிருந்த வாழைப்பழம் நகர்ந்ததும் நான் பெட்டிக்குள் நுழைந்து பார்த்தேன். இரண்டாவது கட்டளையைக் கொடுத்துத்தான் இருந்தேன். எப்போது கொடுத்தேன் என்று இன்றுவரை ஞாபகம் வரவில்லை. முந்தின நாள் நடந்ததும் பதிவாகியிருந்தது. பெட்டி எழுந்தபோது நெட்வொர்க் இன்னும் வந்திருக்கவில்லை. கன்டெய்னர் ஓடப் பார்த்து விழுந்தது. கொஞ்சம் பொறுத்து மறுபடி விழுந்தது. அதற்கடுத்த முறை விழாமல் ஓடியது. விழுந்தால் பொறுத்து மறுபடி ஓட்டு என்ற வரி, நான் புரியாமல் அடித்த பாதியில் இருந்தது. நான் சாரைப் பொறுக்கச் சொன்ன அதே நேரத்தில் அதுவும் பொறுத்துக்கொண்டிருந்திருக்கிறது.

பெண்ணுக்கு இடம் கிடைத்தது. அம்மா ஒரு பெரிய டப்பா நிறைய இட்லி கொண்டுவந்து கொடுத்தாள். சார் சாப்பிட்டார். மாமி வெளியில் செய்தது சாப்பிடுவதில்லை. சட்னியை மட்டும் எப்படி அரைத்தாள் என்று விசாரித்தாள்.

அடுத்த வருஷம் நவமி அன்று மாமி சந்தனக் கிண்ணத்தோடு வரிசையாக வந்தாள். என் கம்ப்யூட்டர், சாரின் கம்ப்யூட்டர், பிரிண்டர். ஒவ்வொன்றாக அணைத்தேன். பெட்டிக்கு முன்னால் வந்து நின்றாள்.

"இது தானா ஓடறதுதானே?"

"ஆமா மாமி."

பொட்டு வைத்தாள். ஸ்விட்ச் பக்கம் போகவில்லை. ரவுட்டரோடு அதுவும் ஓடிக்கொண்டிருந்தது. அவள் போக வழிவிட்டு விலகாமல் நான் அங்கேயே நின்றேன்.

"குங்குமம் ஃபேன் ஓட்டைக்குள்ள போகாமப் பாத்துக்கோங்க மாமி" என்றேன்.

மாமி ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தாள். பிறகு பொட்டைத் துடைத்து, கொஞ்சம் மேலே வைத்தாள்.